காரணமும் இடுகுறியும்: இலத்திரனியல் விளையாட்டுப் பொறிகளின் பெயர் வரலாறு பற்றி மல்லாவியிலிருந்து ஒரு நோக்கு

1

வன்னி நிலப்பரப்பில் இரண்டு சில்லுகளையுடைய சிறிய உழவு இயந்திரத்தை மக்கள் ‘லான்ட்மாஸ்ரர்’ என்பர். அது பிரித்தானியக் கம்பனியொன்றின் வணிகப் பெயர் என்பதையோ, இன்று வயலில் நிற்கும் இயந்திரம் பெரும்பாலும் அக்கம்பனியினதன்று என்பதையோ எவரும் கருத்திற் கொள்வதில்லை. மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் எரிக்கும் விளக்கு ‘பெற்றோமக்ஸ்’ ஆனதும் இவ்வாறே. செருமனிய உற்பத்தியாளர் ஒருவரின் உடைமையாயிருந்த பெயர் கலியாண வீட்டுப் பந்தலிலும் கோயில் வீதியிலும் ஒளிர்ந்து, காலப்போக்கில் அவ்வகை விளக்குகள் அனைத்திற்கும் உரிய பெயராயிற்று.

பவணந்தி முனிவரின் நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் என வகுத்து, அவை ஒவ்வொன்றையும் பொது, சிறப்பு எனப் பகுத்துக் கூறுகிறது. காரணம் கருதாது தொன்றுதொட்டு வழங்கி வருவது இடுகுறிப்பெயர். காரணம் பற்றி வருவது காரணப்பெயர். ஓரினத்திற்குப் பொதுவாய் நிற்பது பொதுப்பெயர். ஒன்றற்கே உரியதாய் நிற்பது சிறப்புப்பெயர். மரம், மா, பறவை, மரங்கொத்தி என்பன பாடசாலை மாணவரும் அறிந்த உதாரணங்கள். நிலமானிய சமுதாயத்திலே தோன்றிய இவ்விலக்கணப் பாகுபாடு, பெயர் என்பது பேசுவோர் அனைவருக்கும் பொதுவான சொத்து என்ற எடுகோளை உள்ளடக்கியது. பெயரைத் தனியொருவர் உடைமையாக்கிச் சட்டத்தின் துணையோடு காவல் செய்யலாம் என்னும் எண்ணம் இலக்கணகாரர் அறியாதது. அது கைத்தொழில் முதலாளித்துவம் ஈன்ற எண்ணமாகும்.

இவ்வகையில் நோக்கும்பொழுது, பண்டங்களின் வணிகப் பெயர் ஒரு புதிய பெயர்வகை என்பது தெளிவாகும். வெளித்தோற்றத்தில் அது இடுகுறிச் சிறப்புப்பெயர் போன்றிருக்கும். ஆயின், கூர்ந்து ஆராயின் அதற்கு வலுவான காரணம் உண்டு. அக்காரணம் உற்பத்தி உறவுகளிலும் சந்தைப் போட்டியிலும் அமைந்து கிடக்கின்றது. அதனைக் கண்ணுக்குப் புலப்படாது செய்வதே அப்பெயரின் தலையாய தொழில். பண்டம் தன்னைப் படைத்த உழைப்பை மறைத்துத் தானே உயிருடைய பொருள்போலத் தோற்றுகின்றது என்று மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் விளக்கினார். அத்தோற்றத்துக்குரிய ஒலிவடிவமே வணிகப் பெயர் எனலாம்.

இக்கூற்றினைப் பரிசோதிப்பதற்கு மிகப் பொருத்தமான பண்டம், தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடப்படும் இலத்திரனியல் விளையாட்டுப் பொறியாகும். அதற்கு உணவு, உடை போன்று முன்னரே நிலைபெற்ற தேவை எதுவும் இருக்கவில்லை. தேவையைப் பெயராலும் விளம்பரத்தாலும் உருவாக்க வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்குள் அப்பொறிகளுக்கு இடப்பட்ட பெயர்களின் வரலாற்றை நோக்குவதும், அப்பெயர்கள் நெடுங்காலம் எட்டாதிருந்த மல்லாவி போன்ற ஓர் ஊரிலே மக்கள் பொறிகளுக்குப் பெயரிட்ட முறையோடு அதனை ஒப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இவ்வகைப் பொறியின் தொடக்கம் விளையாட்டுக் கூடத்தில் நிகழவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் படைத்துறைக்கான இலத்திரனியல் சாதனங்களை ஆக்கிவந்த சாண்டர்ஸ் என்னும் நிறுவனத்தில் பொறியியலாளராய் இருந்த ரல்வ் பேயர் என்பவர் 1966இல் அதற்கான எண்ணத்தை எழுத்தில் வடித்தார். அவரும் உடனுழைத்தோரும் ஆக்கிய மாதிரிப் பொறி, மரநிறத் தாள் ஒட்டப்பட்டிருந்தமையால், ‘கபிலப் பெட்டி’ என வழங்கிற்று. உழைத்தோர் இட்ட அப்பெயர் காரணப்பெயர். பொறியின் உரிமம் மக்னவொக்ஸ் கம்பனிக்குக் கைமாறி 1972இல் சந்தைக்கு வந்தபொழுது பெயர் ‘ஒடிசி’ என்றாயிற்று. கிரேக்க மகாகவி ஹோமரின் காவியப் பெயர், மூன்று ஒளிப்புள்ளிகளும் ஒரு கோடும் மாத்திரம் அசையும் ஒரு பெட்டிக்குச் சூட்டப்பட்டது. படைத்துறைத் தொழிற்கூடம் மறைந்தது; காவிய நாயகனின் கடற்பயணம் முன்னே வந்தது. மரபிலக்கியம் முதலாளித்துவச் சந்தைக்கு எவ்வாறு கச்சாப்பொருளாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

அதே 1972ஆம் ஆண்டு கலிபோர்ணியாவில் நோலன் புஷ்னல், ரெட் டப்னி ஆகியோர் ‘அற்றாரி’ கம்பனியைத் தொடங்கினர். ‘அற்றாரி’ என்பது ‘கோ’ எனும் கிழக்காசியப் பலகை விளையாட்டில் வழங்கும் யப்பானியச் சொல். எதிரியின் காய் அடுத்த நகர்விலே கைப்பற்றப்படும் நிலையில் உள்ளது என்பதே அதன் பொருள். அமெரிக்கக் கம்பனி யப்பானியப் பெயரைப் பூண்டது அந்நிய மணத்தை நாடியே என்று கொள்ளுதல் கூடும். ஆயின் சொல்லின் பொருள் போட்டி முதலாளித்துவத்தின் உள்ளக் கிடக்கையை அப்படியே கூறிவிடுகின்றது. கம்பனியே சில ஆண்டுகளில் அந்நிலைக்கு உள்ளாயிற்று. 1976இல் வார்னர் கொம்யூனிக்கேசன்ஸ் எனும் பெருங்கம்பனி அதனை விலைக்கு வாங்கிற்று.

1975இல் அற்றாரி தன் ‘பொங்’ விளையாட்டை வீட்டுக்குரிய பொறியாக்கியபொழுது, அதனைச் சியர்ஸ் எனும் பெரும் சில்லறை வணிக நிறுவனம் ‘ரெலி-கேம்ஸ்’ என்ற தன் சொந்தப் பெயரிலே விற்றது. உற்பத்தியாளன் பெயரை வணிகன் பெயர் விழுங்கிய இந்நிகழ்ச்சி, பெயர் உழைப்பின் வழியன்றிச் சந்தைமீதான ஆதிக்கத்தின் வழியே தீர்மானிக்கப்படுகின்றது என்பதை உணர்த்தும். 1977இல் அற்றாரி வெளியிட்ட அடுத்த பொறி ‘வீடியோ கொம்பியூட்டர் சிஸ்ரம்’ எனப்பட்டது. பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் வாங்கத் தயங்கும் நடுத்தர வர்க்கப் பெற்றோரும் ‘கொம்பியூட்டர்’ வாங்கத் தயங்கார் என்பது அதன் உட்கிடை. 1982இல் அதே பொறி, கம்பனியின் பொருட்பட்டியலில் இருந்த இலக்கத்தையொட்டி, ‘2600’ ஆயிற்று. ஐந்தே ஆண்டுகளில் காரணப்பெயர் தேய்ந்து எண்ணாகிவிட்டது.

3

1983இல் வட அமெரிக்க விளையாட்டுப் பொறிச் சந்தை மிகையுற்பத்தியால் வீழ்ச்சியுற்றது. விற்பனையாகாத விளையாட்டுப் பேழைகள் கடைகளில் தேங்கின. ‘வீடியோ கேம்’ என்ற சொல்லையே கடைக்காரர் வெறுத்தனர். அதே ஆண்டு யூலை மாதத்தில் யப்பானில் நின்ரென்டோ கம்பனி ‘பமிலி கொம்பியூட்டர்’ என்னும் பொறியை வெளியிட்டது. 1889இல் கியோத்தோ நகரில் கையாற் செய்த பூச்சீட்டுக்களை விற்கத் தொடங்கிய நிறுவனம் அது. யப்பானியக் குடும்பத்தை நோக்கிய அப்பெயர் 1985இல் அமெரிக்காவுக்குச் செல்லும்பொழுது ‘நின்ரென்டோ என்ரர்ரெயின்மன்ற் சிஸ்ரம்’ எனத் திரிந்தது. பொறிக்கு ‘கொன்றோல் டெக்’ என்றும் பேழைக்கு ‘கேம் பாக்’ என்றும் பெயர்கள் புனையப்பட்டன. அக்காலத்து வீடியோ நாடாப் பொறியைப் போன்று முன்பக்கத்தாற் பேழையைச் செருகும் வடிவமும் அமைக்கப்பட்டது. இது விளையாட்டுப் பொம்மை என்று காட்டுவதற்குப் பிளாஸ்ரிக் ‘ரோபோ’ ஒன்றும் உடன் விற்கப்பட்டது. பொருள் மாறவில்லை, வீழ்ச்சியுற்ற சந்தையில் அதனை மீண்டும் நுழைப்பதற்குச் சொற்களே கடவுச்சீட்டாயின.

இதே பொறி பிற நாடுகளில் கொண்ட பெயர்கள் சமூக வரலாற்று மாணவனுக்குப் பெருவிருந்தாகும். 1910 முதல் 1945 வரை யப்பானின் காலனியாயிருந்த கொரியாவில், யப்பானியப் பண்பாட்டுப் பொருள்கள்மீதான தடை 1998 முதலே படிப்படியாக நீக்கப்பட்டது. ஆதலின் 1989இல் தென்கொரியாவுக்குள் நுழைந்த நின்ரென்டோப் பொறி ஹியுண்டாய் கம்பனியின் பொருளாக, ‘கொம்போய்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. போட்டிக் கம்பனியான செகாவின் பொறிகளைச் சம்சுங் விற்றது. அவற்றுள் ஒன்றுக்கு ‘அலாதீன் போய்’ என்றும் பெயர் வைத்தது. காலனித்துவத்தின் வடு யப்பானியப் பெயரை விலக்கிற்று; மூலதனமோ பெயரை மாற்றிக்கொண்டு அதே வாசலால் உள்நுழைந்தது. இந்தியாவிலோ எதிர்மாறான நிலை காணப்பட்டது. அங்கு அப்பொறி ‘சாமுராய்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. யப்பானிய ஆட்சியை அறியாத நுகர்வோனுக்கு யப்பானியப் போர்வீரன் தரத்தின் குறியீடானான்.

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்த மறு ஆண்டிலே ரஷ்யாவில் ஸ்ரீப்ளர் என்னும் கம்பனி, தாய்வானில் ஆக்கப்பட்ட நின்ரென்டோப் போலிப் பொறியை ‘டென்டி’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. பகட்டாக உடுத்தித் திரியும் மேட்டுக்குடி இளைஞனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒலியால் நினைவூட்டும் பெயர் அது. அசலான பொறி அச்சந்தையிலே இல்லாதிருந்தமையால் போலியே அசலாயிற்று. ஒரு சமூக ஒழுங்கு சிதைந்து பிறிதொன்று தலையெடுக்கும் வேளையில், அப்புதிய ஒழுங்கின் ஆசைகள் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளிலே பெயராய்ப் பொறிக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது.

ஈண்டு ‘செகா’ என்ற பெயரைத் தனித்து நோக்குதல் வேண்டும். இனிமையான ஈரசைச் சொல்லாய், யப்பானியச் சொல்லெனப் பலராலும் கருதப்படும் அது, ‘சேர்விஸ் கேம்ஸ்’ என்னும் இரு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆனது. ஹவாய்த் தீவின் ஹொனலூலு நகரில் அமெரிக்கர் சிலர் நடத்திய அந்நிறுவனம் அமெரிக்கப் படைத்தளங்களுக்கு நாணயம் இட்டு ஆடும் சூதாட்டப் பொறிகளை வழங்கிவந்தது. ‘சேர்விஸ்’ என்பது ஈண்டுப் படைச்சேவையே. அமெரிக்காவில் அப்பொறிகளுக்கு எதிராக 1951இல் சட்டம் வந்தபின், யப்பானிலிருந்த அமெரிக்கத் தளங்கள் அதன் சந்தையாயின. 1965இல் நிகழ்ந்த இணைப்பினால் ‘செகா என்ரர்பிறைசஸ்’ தோன்றியது. போரிலே தோற்ற நாட்டின் மண்ணில் நிலைகொண்ட வெற்றிப்படையின் ஓய்வுநேரமே இப்பெயரின் காரணம். இடுகுறியாய்த் தோன்றும் வணிகப் பெயருக்குள் மறைந்துள்ள காரணம் பற்றி மேலே கூறியதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

பொதுப்பெயர், சிறப்புப்பெயர் பற்றிய வினாவும் இக்காலத்திலே கூர்மையடைந்தது. 1980களின் இறுதியில் அமெரிக்கப் பெற்றோர் எந்த விளையாட்டுப் பொறியையும் ‘ஒரு நின்ரென்டோ’ என அழைக்கத் தொடங்கினர். சாதாரணமாக நோக்குவோர்க்கு இது கம்பனியின் வெற்றியாகத் தோன்றும். கம்பனியோ அஞ்சியது. தன் பெயரைப் பெயரடையாக மாத்திரமே வழங்கவேண்டும் என்று கேட்டு 1990இல் அறிவித்தல் வெளியிட்டது. அமெரிக்கச் சட்டப்படி, வணிகப் பெயர் மக்கள் வழக்கிலே பொதுப்பெயராய்விடின் அதன்மீதுள்ள தனியுரிமை அழிந்துவிடக்கூடும். ‘அஸ்பிரின்’ என்ற பெயர் 1921இலும், நகரும் படிக்கட்டைக் குறித்த ‘எஸ்கலேற்றர்’ என்ற பெயர் 1950இலும் அவ்வாறே தனியுரிமையை இழந்தன. சிறப்புப்பெயர் பொதுப்பெயராவதை இலக்கணம் இயல்பான சொல்வளர்ச்சியாகக் கொள்ளும். மூலதனம் அதனைச் சொத்துப் பறிப்பாகக் கொள்கின்றது. ‘லான்ட்மாஸ்ரர்’ என்று சொல்லும் வன்னி விவசாயி தன்னையறியாமலே இப்பறிப்பை நிகழ்த்தியவனாவான்.

4

1988இல் யப்பானில் செகா வெளியிட்ட ‘மெகா டிரைவ்’, மறு ஆண்டு வட அமெரிக்காவில் ‘ஜெனசிஸ்’ ஆயிற்று. விவிலியத்தின் முதல் நூலின் பெயர் அது. நின்ரென்டோவின் பெயரையே எதிர்மறைச் சொல்லாகத் திரித்து அமைத்த விளம்பரத்தால் அது விற்கப்பட்டது. ‘8 பிற்’, ‘16 பிற்’ என்ற எண்கள் பொறிகளின் முகப்பிலே ஏறின. அவ்வெண் எதனை அளக்கின்றது என்பதை வாங்குவோரிற் பெரும்பாலோர் அறியார். பெரிய எண் சிறந்தது என்பது மாத்திரம் போதுமாயிருந்தது. இலக்கமும் ஒருவகை அணியிலக்கணமாயிற்று.

நின்ரென்டோவுடன் செய்த கூட்டு முயற்சி 1991இல் முறிவுற்ற பின்னர், சொனி கம்பனி தன் சொந்தப் பொறியை 1994 டிசெம்பரில் யப்பானில் வெளியிட்டது. அலுவலகத்திலும் ஆய்வுகூடத்திலும் பயன்பட்ட ஆற்றல்மிக்க கணினி ‘வேர்க்ஸ்ரேசன்’ எனப்பட்டது. அதன் வார்ப்பிலே ‘பிளேஸ்ரேசன்’ அமைந்தது. உழைப்பு என்ற சொல் இருந்த இடத்தில் விளையாட்டு என்ற சொல் வைக்கப்பட்டது. எட்டு மணிநேர உழைப்பு, எட்டு மணிநேர ஓய்வு என்று தொழிலாளர் இயக்கம் போராடிப் பெற்ற ஓய்வுநேரத்துக்கும் ஒரு ‘நிலையம்’ அமைத்து அதனை விற்பனைக்குரியதாக்கும் நிலை இச்சொல்லில் வெளிப்படுகின்றது. 1995 மே மாதம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடைபெற்ற வணிகக் காட்சியில், செகா தன் ‘சற்றேர்ண்’ பொறிக்கு 399 டொலர் என அறிவித்த அதே நாளில், சொனியின் பிரதிநிதி மேடையேறி ‘299’ என்ற எண்ணை மாத்திரம் கூறி இறங்கினார். விலையே முழுமையான விளம்பரமாயிற்று. அப்பொறி செப்ரெம்பர் மாதத்தில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது.

அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதி மக்கள் ஒரேயடியாக இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்தனர். 1996இல் கிளிநொச்சி நகரும் போர்க்களமான பின்னர், துணுக்காய்ப் பிரிவில், வவுனிக்குளத்தின் நீரில் நெல் விளைவித்து வாழ்ந்த விவசாயக் குடியேற்ற ஊரான மல்லாவி, இடம்பெயர்ந்தோர் நெருங்கி வாழும் மையமாயிற்று. இரு நிகழ்ச்சிகளையும் ஒரே ஆண்டின் நிகழ்ச்சிகளாக அருகருகே வைத்து நோக்குவது உணர்ச்சிக்காகவன்று. உலகச் சந்தை ஒன்றே. ஆயின் அதன் பெயர்களும் பண்டங்களும் எல்லா இடங்களையும் ஒரே வேளையில், ஒரே வழியில் அடைவதில்லை என்ற ஏற்றத்தாழ்வான வளர்ச்சியின் விதியை உணர்த்தவே.

1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை இலங்கைக்கு இறக்குமதிப் பண்டங்களின் வாசலைத் திறந்தது. 1979இல் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது; 1982இல் ரூபவாஹினி வந்தது. கொழும்பின் கடைகளுக்கு விளையாட்டுப் பொறிகள் வருவதற்குரிய அடித்தளம் இவ்வாறு அமைந்தது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எண்பதுகளில் ‘டெக்’ என்றால் வாடகைக்கு எடுத்துப் படம் பார்க்கும் வீடியோ நாடாப் பொறியே. 1990இற்குப் பின்னரோ வன்னிக்குத் தேசிய மின்விநியோகம் இல்லை. எரிபொருள் முதலிய பல பொருள்களுக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. தடைசெய்யப்பட்டவற்றுள் உலர் மின்கலமும் ஒன்று. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலி கேட்ட காலம் அது. 1989இல் நின்ரென்டோ வெளியிட்ட ‘கேம் போய்’ நான்கு சிறு மின்கலங்களால் இயங்குவது. எங்கும் எடுத்துச் செல்லலாம் என்பதே அதன் விளம்பரத்தின் உயிர்நாடி. அந்த ‘எங்கும்’ என்ற சொல்லுக்குள் மல்லாவி அடங்கியிருக்கவில்லை.

மேனாட்டு நுகர்வோன் பண்டத்தின் பெயரை விளம்பரத்தின் வழியே அறிகின்றான். தடைக்காலத்து வன்னி வாசி அதனைத் தடைப்பட்டியலின் வழியே அறிந்தான். சோதனைச் சாவடியில் எது எடுக்கப்படும், எது விடப்படும் என்பதே பண்டம் பற்றிய முதல் அறிவு. விளம்பரம் பெயரைப் பொருளினின்று பிரித்து உயர்த்துகின்றது. தடையோ பெயரை மாத்திரம் விட்டுப் பொருளை நீக்கிவிடுகின்றது.

5

விளையாட்டுப் பொறியின் பெயர் எட்டாத மல்லாவிக்கு வேறு சில பொறிகளின் பெயர்கள் எட்டியிருந்தன. இக்கட்டுரையாளரின் இளமைக்காலம் அவ்வூரிற் கழிந்தது. எழுத்துக் கூட்டத் தொடங்கிய வயதிலே அங்குள்ள பிள்ளைகள் அறிந்திருந்த அந்நிய வணிகப் பெயர் ‘கிபிர்’. இஸ்ரேலிய விமானக் கைத்தொழில் நிறுவனத்தின் இப்போர் விமானம் 1996 முதல் இலங்கை விமானப்படையிற் சேவையில் ஈடுபட்டது. ஹீப்ரு மொழியில் அச்சொல்லுக்குச் சிங்கக்குட்டி என்று பொருள். ஆக்கியோர்க்கு அது பெருமை சாற்றும் காரணப்பெயர். மல்லாவிப் பிள்ளைக்கோ அது ஓர் ஒலியின் பெயர். கேட்டதும் பதுங்குகுழியை நோக்கி ஓடவேண்டிய ஒலியின் பெயர். சிங்கக்குட்டி என்ற பொருளை அங்கு எவரும் அறிந்திருக்கவுமில்லை, அறியவேண்டியிருக்கவுமில்லை.

மக்கள் தாமாகவே இட்ட பெயர்களும் இருந்தன. குண்டு வீசும் பெருத்த விமானத்தைச் ‘சகடை’ என்றனர். ஆளில்லா வேவு விமானத்தை ‘வண்டு’ என்றனர். இடைவிடாது ரீங்காரம் செய்து வானத்தில் வட்டமிடும் அதன் இயல்பை ஒரே சொல்லில் அடக்கிய காரணப்பெயர் அது. ஆக்கிய நாட்டையோ கம்பனியையோ அது கூறவில்லை. பொறி மக்களுக்கு என்ன செய்கின்றது என்பதைக் கூறியது. வணிகப் பெயர் மறைப்பதனை மக்கள் பெயர் வெளிப்படுத்திற்று.

இவ்வொப்பீடு பொருளோடு ஒட்டாதது என்று கருதுவோர், விளையாட்டுப் பொறிகளுக்கும் போர்ப் பொறிகளுக்கும் இடையேயுள்ள உறவு பெயரளவில் நின்றுவிடவில்லை என்பதை மனங்கொள்ள வேண்டும். ஒடிசியின் பிறப்பிடமும் செகாவின் பெயர்க்காரணமும் மேலே கூறப்பட்டன. 1991 வளைகுடாப் போரில் விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட குண்டுவீச்சுக் காட்சிகள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபொழுது, அப்போரே ‘நின்ரென்டோ யுத்தம்’ எனப் பெயர் பெற்றது. படைத்துறையிற் பிறந்த பொறியின் பெயர், படையின் செயலுக்கே பெயராகித் திரும்பியது. 2000இல் ‘பிளேஸ்ரேசன் 2’ வெளிவந்தபொழுது, அதன் கூறுகள் ஏவுகணை வழிநடத்தலுக்கும் பயன்படலாம் என்று கருதி யப்பானிய அரசு அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2010இல் அமெரிக்க விமானப்படையின் ஆய்வுகூடம் 1,760 ‘பிளேஸ்ரேசன் 3’ பொறிகளை இணைத்து ஒரு மீத்திறன் கணினியை அமைத்தது. ‘விளையாட்டு நிலையம்’ எனும் பெயர் அப்பொறிகளின்மீது அப்பொழுதும் இருந்தது.

பெயர் மறைப்பது போரை மாத்திரமன்று. இலத்திரனியல் சாதனங்களின் நுண்கூறுகளுக்கு வேண்டிய தந்தாலம் என்னும் உலோகத்தின் விலை 2000இல் திடீரென உயர்ந்தது. அதன் தாதான கொல்ரானை அகழ்ந்தோருள் உள்நாட்டுப் போரில் அல்லற்பட்ட கொங்கோவின் கிழக்குப் பகுதி மக்களும் அடங்குவர். அந்நாட்டின் கனிவளங்கள் சட்டவிரோதமாகச் சூறையாடப்படுவது பற்றி ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 2001இல் அறிக்கை சமர்ப்பித்தது. பெட்டியின் முகப்பிலுள்ள பெயர் அகழ்ந்த கையையும் கூறுவதில்லை. பொருத்திய கையையும் கூறுவதில்லை.

இருபத்தோராம் நூற்றாண்டின் பெயர்களில் இம்மறைப்பு இன்னும் நுண்மையடைகின்றது. மைக்ரோசொவ்ற் 2001இல் வெளியிட்ட ‘எக்ஸ்பொக்ஸ்’ அக்கம்பனியின் மென்பொருள் ஒன்றின் பெயரிலிருந்து சுருங்கியது. அதன் இரண்டாவது பொறியை ‘2’ என அழைப்பின் சொனியின் ‘3’க்குக் குறைந்ததாகத் தோன்றும் என்றஞ்சி, 2005இல் ‘360’ என்றனர். நின்ரென்டோ தன் புதிய பொறியை ஆக்கும் காலத்தில் அதற்கு ‘றெவலூசன்’, அதாவது புரட்சி, என்று குறிப்பெயர் இட்டிருந்தது. 2006இல் சந்தைக்கு வரும்பொழுது அது ‘வீ’ ஆயிற்று. ஆங்கிலத்தில் ‘நாம்’ என்னும் பன்மைச் சொல்லின் ஒலி அது. எந்த மொழியினர்க்கும் உச்சரிக்க எளிது என்பது கம்பனியின் விளக்கம். புரட்சி என்பது விலக்கப்பட்டு, வர்க்க வேறுபாடற்ற ஒரு ‘நாம்’ அதன் இடத்தில் அமர்த்தப்பட்டது. அந்த ‘நாம்’ பத்துக் கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. 2012இல் ‘வீ யூ’ என வந்த அடுத்த பொறி ஒன்றரைக் கோடியைக்கூட எட்டவில்லை. அது புதிய பொறியா, பழையதன் துணைக்கருவியா என்பதை அப்பெயர் வாங்குவோர்க்குத் தெளிவுறுத்தாமை அதன் தோல்விக்குரிய காரணங்களுள் ஒன்றாகப் பலராலும் கூறப்படுகின்றது. மறைப்பதே தொழிலாகக் கொண்ட பெயர், அளவுக்கு மீறி மறைத்தவிடத்துத் தன்னையும் மறைத்துக்கொண்டது.

6

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்து ஏ-9 வீதி திறக்கப்பட்டபின் வன்னிக்குப் பண்டங்கள் வரத் தொடங்கின. 2008இன் நடுப்பகுதியில் மல்லாவி மக்கள் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதத்தில் போர் முடிந்து, முகாம் வாழ்வு கழிந்து ஊர் திரும்பியவர்களை வரவேற்றவை கூரையற்ற சுவர்களும் பற்றைகளும். பின்னர் மின்சாரம் வந்தது. தவணைக் கட்டணத்தில் மோட்டார்ச் சைக்கிளும் தளபாடமும் தரும் ‘லீசிங்’ கம்பனிகள் வந்தன. அவற்றோடு, தாய்வானிலும் சீனாவிலும் ஆக்கப்பட்ட, நின்ரென்டோவின் பழைய பொறியைப் பின்பற்றிய மலிவான பெட்டிகளும் வந்தன. அவற்றுட் சில பிளேஸ்ரேசனின் உருவத்தையும் பெயரின் ஒலியையும் களவாடி ‘பொலிஸ்ரேசன்’ என்று தம்மை அழைத்துக்கொண்டன.

இப்பெட்டிகளை மல்லாவிப் பிள்ளைகள் ‘பொலிஸ்ரேசன்’ என்று அழைக்கவில்லை. ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்றும் அழைக்கவில்லை. ‘ரீவி கேம்’ என்றனர். இரு சொற்களும் ஆங்கிலமே. ஆயினும் பெயரிட்ட முறை நன்னூலார் கூறும் காரணப் பொதுப்பெயரின் முறையே. தொலைக்காட்சியில் ஆடுவது, ஆதலின் ‘ரீவி கேம்’. அசல், போலி என்ற வேறுபாட்டுக்கு அப்பெயரில் இடமில்லை. அவ்வேறுபாடு கம்பனியின் சொத்துரிமைக்கு உரியது. ஆடும் பிள்ளைக்கு உரியதன்று. பண்டத்தின் பரிமாற்றப் பெறுமதியைத் தள்ளிப் பயன்பாட்டுப் பெறுமதியை மாத்திரம் கூறும் பெயர் அது.

இதனை மிகைப்படுத்தி, மக்கள் மொழி சந்தையை வென்றுவிட்டது என்று கூறுவது விஞ்ஞானபூர்வமான முடிவாகாது. வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் பணத்தோடு ‘பிஎஸ் ஃபோர்’, ‘பிஎஸ் ஃபைவ்’ என்ற எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர்கள் இன்று வன்னி இளைஞரின் வாயிலும் வழங்குகின்றன. 2013இலும் 2020இலும் வெளிவந்த அப்பொறிகளுட் பிந்தியது இல்லாத வீட்டில், முந்தியது இருந்தும் குறைவாகத் தோன்றுகின்றது. எண் வளர வளரப் பழைய பொறி பழுதடையாமலே பழையதாகின்றது. கைத்தொலைபேசியிலே விளையாட்டு வந்தபின் ‘ரீவி கேம்’ என்ற சொல்லும் அருகிவருகின்றது. காரணப்பெயர் மறைந்து, காரணம் மறைத்த பெயர் நிலைபெறும் போக்கு மல்லாவியையும் எட்டிவிட்டது.

அவ்வாறாயின் இலக்கிய மாணவன் செய்யவேண்டியது யாது? கம்பனிப் பெயர்களுக்குத் தூய தமிழாக்கம் தேடுவது பயனுள்ள முயற்சியாயினும் போதுமானதன்று. பெயரைத் தமிழாக்கினும் அதன் காரணம் மறைந்தே கிடக்கும். ‘வண்டு’, ‘சகடை’, ‘ரீவி கேம்’ போன்ற, தடையிலும் போரிலும் மீள்குடியேற்றத்திலும் வாழ்ந்த மக்கள் தம் அனுபவத்தால் ஆக்கிய சொற்களை முறையாகத் தொகுப்பதே முதற்கண் வேண்டியது. அகராதிகள் பெரும்பாலும் அவற்றை ஏற்கவில்லை. அவற்றை வழங்கியோருட் பலர் இன்று உயிரோடு இல்லை. எஞ்சியோரின் பிள்ளைகள் அவற்றை மறந்து வருகின்றனர். கம்பனிகளின் பெயர்களைக் காப்பதற்குச் சட்டமும் நீதிமன்றமும் உண்டு. மல்லாவியின் பெயர்களைக் காப்பதற்கு அவற்றைக் கேட்டு எழுதிவைப்போர் மாத்திரமே உளர். இச்சங்கத்தின் மாணவருட் சிலர் தம் விடுமுறை நாட்களில் அப்பணியைத் தொடங்குவாராயின், வன்னியின் ஒரு தலைமுறை எப்பொறிகளின் நடுவே, எப்பொறிகள் இன்றி வாழ்ந்தது என்பதற்கு அச்சொற்றொகுதி நம்பத்தக்க வரலாற்று மூலமாக அமையும்.